நாட்கணக்கும் வாரக்கணக்கும்: அமெரிக்க மாநிலங்களில் மிகைநேர ஊதியம் உருவான வரலாறு

தமிழ்நாட்டு ஆலைத் தொழிலாளர் 'ஓ.டி.' என்று சுருக்கிச் சொல்லும் மிகைநேர ஊதியம், சட்டமோ ஒப்பந்தமோ வகுத்த வேலைநேர எல்லையைத் தாண்டி வாங்கப்படும் உழைப்புக்கு, வழக்கமான கூலியைவிடக் கூடுதலான வீதத்தில் தரப்படும் ஊதியமாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது பெரும்பாலும் மணிக்கூலித் தொழிலாளரைச் சார்ந்த உரிமை. மணிக்கூலி என்பது, வேலைக்கு வந்த நேரமும் வேலை முடிந்த நேரமும் பதிவு செய்யப்பட்டு, இடைப்பட்ட மணிகளை எண்ணிக் கணக்கிடப்படும் கூலி. மேலாளர், நிர்வாகி, தொழில்வல்லுநர் போன்றோருக்குப் பணியின் தன்மையையும் சம்பளத்தின் அளவையும் காட்டிச் சட்டம் விலக்குத் தருகிறது. இந்த ஊதியத்தைக் கூடுதல் உழைப்புக்கான பரிசு என்று கருதுவதே பொது வழக்கமாக இருப்பினும், அதன் வரலாறு வேறு செய்தியைச் சொல்கிறது. ஒன்றரை மடங்கு என்ற வீதம் முதலாளிக்கு விதிக்கப்படும் அபராதமாகவே சட்டத்தில் நுழைந்தது. நீண்ட வேலைநாளை விலையேற்றித் தடுப்பதே அதன் நோக்கமாக இருந்தது. அந்த அபராதத்தை நாளை வைத்து அளப்பதா, வாரத்தை வைத்து அளப்பதா, அதன் காப்புக்குள் யாரைச் சேர்ப்பது என்ற வினாக்களுக்கு மாநிலங்கள் வெவ்வேறு காலங்களில் அளித்த விடைகளே இன்றைய விதிகளின் வேறுபாடுகளாக நிற்கின்றன.

எல்லை மட்டும் இருந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நியூ இங்கிலாந்துப் பகுதியின் பருத்தி ஆலைகளில் வேலைநாள் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நீண்டிருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரில் சாரா பேக்லி என்ற ஆலைத் தொழிலாளி முன்னின்று நடத்திய பத்து மணி இயக்கம், ஆயிரக்கணக்கான கையொப்பங்களுடன் மாநிலச் சட்டமன்றத்துக்கு மனுக்களை அனுப்பியது. 1845இல் அவற்றை விசாரித்த சட்டமன்றக் குழுவோ, வேலைநேரம் தொழிலாளரும் முதலாளியும் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய செய்தி என்று கூறி ஒதுங்கிக்கொண்டது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1840இல், குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரன் கூட்டாட்சி அரசின் பொதுப்பணிகளில் பத்து மணி வேலைநாளை ஆணையிட்டிருந்தாலும், அது அரசே முதலாளியாக இருந்த இடங்களுக்கு மட்டும் பொருந்தியது.

தனியார் ஆலைகளைக் குறித்து முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் நியூ ஹாம்ப்ஷயர். 1847இல் வந்த அச்சட்டம் பத்து மணியைச் சட்டபூர்வமான வேலைநாளாக அறிவித்தது. ஆனால் தொழிலாளி எழுத்து மூலமாக ஒப்புக்கொண்டால் அதற்கு மேலும் வேலை வாங்கலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தது. சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே ஆலை முதலாளிகள் அத்தகைய ஒப்பந்தத் தாள்களைத் தொழிலாளர் முன் நீட்டினர். கையெழுத்திட மறுத்தவர்கள் வேலையை இழந்தனர். இல்லினாய் மாநிலம் 1867இல் எட்டு மணி வேலைநாளை அறிவித்தபோதும் இதே வாசல் அதில் இருந்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வரவேண்டிய மே முதல் நாளில் சிகாகோ தொழிலாளர்கள் திரண்டு ஊர்வலம் சென்றும், முதலாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் 1874இல் பெண்களுக்கும் சிறாருக்கும் பத்து மணி எல்லையை விதித்தது. உண்மையில் செயல்பட்ட தொடக்ககாலச் சட்டங்களுள் அது குறிப்பிடத்தக்கது என்றாலும், வயதுவந்த ஆண்களை அது தொடவில்லை.

இச்சட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. அவை எல்லையைச் சொன்னவையே அன்றி, எல்லை மீறப்பட்டால் அந்த மணிக்கு என்ன விலை என்பதைச் சொல்லவில்லை. கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் வீதம் என்ற வழக்கம் அச்சு, கட்டடம் போன்ற கைத்திறன் தொழில்களில் சங்கங்கள் பேசி வாங்கிய ஒப்பந்தங்களில் வளர்ந்தது. சட்டத்துக்குள் அது நுழைய மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

அடுமனையும் சலவைக்கூடமும்

வேலைநேரச் சட்டங்களுக்கு எதிராக நீதிமன்றங்களில் எடுத்து வைக்கப்பட்ட வாதம் 'ஒப்பந்தச் சுதந்திரம்' எனப்பட்டது. எந்த மனிதரின் உயிரையும் சுதந்திரத்தையும் உடைமையையும் உரிய சட்ட முறையின்றி மாநில அரசு பறிக்கலாகாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் கூறுகிறது. எத்தனை மணி உழைப்பது என்று பேசி முடிவு செய்யும் உரிமையும் அந்தச் சுதந்திரத்தில் அடங்கும் என்பதே அவ்வாதத்தின் சாரம். இதற்கு எதிரான கொள்கை, மக்களின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் காக்க மாநிலத்துக்கு உள்ள ஒழுங்குமுறை அதிகாரமாகும். யூட்டா மாநிலம் 1896இல் சுரங்கத் தொழிலாளருக்கு விதித்த எட்டு மணி எல்லையை உச்ச நீதிமன்றம் 1898இல் ஏற்றுக்கொண்டபோது, நிலத்தடி வேலையின் ஆபத்து இரண்டாவது கொள்கைக்கு வலுவூட்டியது.

நியூயார்க் மாநிலத்தின் 1895ஆம் ஆண்டு அடுமனைச் சட்டம் இதே வழியில் சென்று தோற்றது. ரொட்டி சுடும் தொழிலாளர் நாளுக்குப் பத்து மணிக்கும் வாரத்துக்கு அறுபது மணிக்கும் மேல் வேலை செய்யலாகாது என்றது அச்சட்டம்; கூடுதல் கூலி கொடுத்தாலும் வாங்கினாலும் அந்த எல்லையைத் தாண்ட அதில் இடமில்லை. யூட்டிகா நகர அடுமனை உரிமையாளர் ஜோசப் லாக்னர் இரண்டாவது முறையாகக் குற்றம் சாட்டப்பட்டு 50 டாலர் அபராதம் விதிக்கப்பட்டபின் தொடுத்த மேல்முறையீட்டில், 1905இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அடுமனை வேலை சுரங்க வேலையைப் போல ஆபத்தானதன்று, ஆகவே ஒப்பந்தச் சுதந்திரத்தில் தலையிட நியாயமில்லை என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஓரிகன் மாநிலத்திலிருந்து வந்த வழக்கில் காற்று திசை மாறியது. ஆலைகளிலும் சலவைக்கூடங்களிலும் பெண்களுக்குப் பத்து மணி எல்லையை விதித்த 1903ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போர்ட்லாந்து நகரச் சலவைக்கூட உரிமையாளர் கர்ட் முல்லர் எதிர்த்தார். மாநிலத்தின் சார்பில் வாதாடிய லூயி பிராண்டைஸ், சட்டவாதங்களைச் சில பக்கங்களில் முடித்துக்கொண்டு, ஜோசஃபின் கோல்ட்மார்க் திரட்டிய மருத்துவ அறிக்கைகளையும் தொழிற்சாலை ஆய்வாளர் குறிப்புகளையும் நூறு பக்கங்களுக்கும் மேலாக அடுக்கினார். நெடுநேர வேலை உடலைக் கெடுக்கிறது என்ற மெய்ம்மையை அவை நிறுவ, 1908இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தை ஏற்றது. ஆயினும் பெண்களின் உடல்வலிமையைக் குறைத்து மதிப்பிட்டுச் சொல்லப்பட்ட காரணங்களின்மீது அந்த வெற்றி அமைந்திருந்ததால், ஆண்களின் வேலைநாளைப் பற்றிய வினா அப்படியே நின்றது.

லேக்வியூ மாவு ஆலை

அந்த வினாவுக்கும் ஓரிகன் மாநிலமே விடை தேடியது. அங்கு 1913இல் இயற்றப்பட்ட சட்டம், ஆலைகளிலும் தொழிற்சாலைகளிலும் ஆண், பெண் இருபாலரும் நாளுக்குப் பத்து மணிக்கு மேல் வேலை செய்யலாகாது என்றது. அதே மூச்சில், வழக்கமான கூலியின் ஒன்றரை மடங்கைக் கொடுத்தால் மேலும் மூன்று மணி வரை வேலை வாங்கலாம் என்றும் இடம் தந்தது. நியூயார்க் சட்டம் பூட்டி வைத்த கதவை ஓரிகன் சுங்கச்சாவடியாக மாற்றியது எனலாம்.

மாநிலத்தின் தென்பகுதியில் லேக் கவுண்டியில் இயங்கிய லேக்வியூ மாவு ஆலையின் மேற்பார்வையாளர் ஃபிராங்க்ளின் பண்டிங், தமக்குக் கீழிருந்த ஹாமர்ஸ்லி என்ற தொழிலாளியிடம் ஒரே நாளில் பதின்மூன்று மணி வேலை வாங்கினார். சட்டம் அனுமதித்த உச்ச எல்லை அதுவே. ஆனால் கடைசி மூன்று மணிக்குரிய அரை மடங்குக் கூடுதல் தரப்படவில்லை. வழக்கு நிரூபிக்கப்பட்டு 50 டாலர் அபராதம் விதிக்கப்பட, பண்டிங் தரப்பு வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றது. அவர்களுடைய வாதம் கூர்மையானது: பத்து மணிக்கு மேற்பட்ட வேலை உடலுக்குக் கேடு என்றால், பணம் கொடுத்தவுடன் அந்தக் கேடு நீங்கிவிடுமா? நீங்காது என்றால், இது உடல்நலச் சட்டம் அன்று, வேலைநேரச் சட்டத்தின் போர்வைக்குள் கூலியை நிர்ணயிக்கும் சட்டமே என்று அவர்கள் வாதிட்டனர். அக்காலத்தில் கூலியை அரசு நிர்ணயிப்பது வேலைநேரத்தை நிர்ணயிப்பதைவிடப் பெரிய அத்துமீறலாகக் கருதப்பட்டது.

முன்பு இவ்வழக்குக்கு உழைத்திருந்த பிராண்டைஸ் இதற்குள் நீதிபதியாகிவிட்டிருந்ததால் விசாரணையிலிருந்து விலகிக்கொள்ள, மாநிலத்துக்காக ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர் வாதாடினார். 1917 ஏப்ரலில் ஐந்துக்கு மூன்று என்ற வாக்கில் சட்டம் தப்பியது. நீதிபதி மெக்கென்னா எழுதிய தீர்ப்பு, ஒன்றரை மடங்கு என்பது உழைப்பின் விலையை வகுக்கும் ஏற்பாடு அன்று, எல்லை தாண்டுவதை முதலாளி தவிர்க்கும்படி செய்வதற்கான தண்டத் தொகை என்று விளக்கியது. லாக்னர் வழக்கின் பெயரைக்கூட அது குறிப்பிடவில்லை. மிகைநேர ஊதியத்தின் சட்டப் பொருள் இந்தத் தீர்ப்பில்தான் தெளிவு பெற்றது: கூடுதல் கூலியைக் கையில் பெறுபவர் தொழிலாளியாயினும், சட்டத்தின் பார்வை பதிந்திருப்பது கொடுக்கும் கையின் தயக்கத்தின்மீது. இதன் சிறப்பு விளங்க, முந்தைய ஆண்டில் கூட்டாட்சி அரசு இயற்றிய ஆடம்சன் சட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரயில்வே வேலைநிறுத்தத்தைத் தவிர்க்க அவசரமாகக் கொண்டுவரப்பட்ட அச்சட்டம் எட்டு மணியை வேலைநாளின் அளவாக அறிவித்தபோதிலும், அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு வழக்கமான வீதத்தில் கூலி கொடுத்தால் போதும் என்றே விட்டுவிட்டது. அதில் தண்டம் இல்லை.

வாரம் அளவுகோலானது

1930களின் பெரும் பொருளாதார மந்தம் மிகைநேர ஊதியத்துக்கு இன்னொரு நோக்கத்தைச் சேர்த்தது. வேலையில் இருப்பவர் நெடுநேரம் உழைக்க, வெளியே இலட்சக்கணக்கானோர் வேலையின்றி நின்ற நிலையில், இருக்கும் வேலையைப் பலருக்குப் பங்கிட வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த செனட்டர் ஹியூகோ பிளாக் கொண்டுவந்த முப்பது மணி வார மசோதா 1933 ஏப்ரலில் செனட் அவையில் 53க்கு 30 என்ற வாக்கில் நிறைவேறியும் சட்டமாகவில்லை. அதற்கு மாற்றாக வந்த தேசியத் தொழில் மீட்புச் சட்டத்தை 1935 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 1936இன் வால்ஷ்-ஹீலி சட்டம் அரசு ஒப்பந்தப் பணிகளுக்கு மட்டும் எட்டு மணி நாளையும் நாற்பது மணி வாரத்தையும் சேர்த்தே விதித்தது. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு விடுதிப் பணிப்பெண் தொடுத்த வழக்கில், குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை 1937இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதோடு ஒப்பந்தச் சுதந்திரக் கொள்கையின் ஆட்சி முடிவுக்கு வந்தது.

தொழிலாளர் துறைச் செயலர் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் இடைவிடாது முயன்று பெற்ற நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1938 ஜூன் 25 அன்று கையெழுத்திட்டார். மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலியை வகுத்த அச்சட்டம், முதல் ஆண்டில் வாரத்துக்கு 44 மணி, இரண்டாம் ஆண்டில் 42, 1940 அக்டோபர் முதல் 40 என்று எல்லையைப் படிப்படியாக இறக்கியது. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும் என்றது. கொடுக்காமல் விட்ட தொகையோடு அதே அளவு தொகையை இழப்பீடாகவும் தொழிலாளி வழக்குத் தொடுத்துப் பெறலாம். 1941இல் ஜார்ஜியா மாநில மரஅறுப்பு ஆலை உரிமையாளர் ஃபிரெட் டார்பி மீதான வழக்கில் இச்சட்டம் ஒருமனதாக ஏற்கப்பட்டது.

இச்சட்டத்தின் இரண்டு கூறுகள் பிற்கால மாநில விதிகளைப் புரிந்துகொள்ளத் தேவையானவை. முதலாவது, நாளுக்கு இத்தனை மணி என்ற எல்லை அதில் இல்லை. ஏழு நாள் வாரமே அளவுகோல். ஒருவர் ஒரே நாளில் பதினாறு மணி உழைத்தாலும், வார மொத்தம் நாற்பதைத் தாண்டாதவரை கூட்டாட்சிச் சட்டத்தின்படி கூடுதல் வீதம் கிடையாது. அதே வேளையில், ஒரு வாரத்தின் 50 மணியையும் மறுவாரத்தின் 30 மணியையும் கூட்டிச் சராசரி நாற்பது என்று காட்டவும் வழியில்லை. இரண்டாவது, மாநிலச் சட்டம் தொழிலாளிக்கு இதைவிட உயர்ந்த காப்பைத் தருமானால் அதுவே செல்லும் என்று சட்டத்தின் பதினெட்டாம் பிரிவு கூறியது. மாநிலங்கள் தனி வழியில் செல்ல இப்பிரிவே இடம் தந்தது.

கலிஃபோர்னியாவின் எட்டு மணி

அந்த இடத்தை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலம் கலிஃபோர்னியா. அங்கு பெண்களுக்கு எட்டு மணி நாளையும் 48 மணி வாரத்தையும் விதித்த சட்டம் 1911இலேயே வந்துவிட்டது. 1913இல் அமைக்கப்பட்ட ஐந்து உறுப்பினர் கொண்ட தொழில்நல ஆணையம், ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியாக 'ஊதிய ஆணை' எனப்படும் விதித் தொகுப்பை வெளியிடும் அதிகாரம் பெற்றது. நெடுங்காலம் இவ்வாணைகள் பெண்களையும் சிறாரையும் மட்டுமே காத்தன. வேலையில் பால் வேறுபாடு காட்டுவதை 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் தடுத்தபின், பெண்களுக்கு மட்டுமான காப்புகள் நிலைக்க முடியாமல் போயின. ஆகவே அவற்றை நீக்குவதா, ஆண்களுக்கும் விரிப்பதா என்ற கேள்வி எழ, 1970களில் கலிஃபோர்னியா விரிக்கும் வழியைத் தேர்ந்தது. பெண்களின் பலவீனத்தைக் காரணம் காட்டிப் பிறந்த விதி அனைவருக்கும் பொதுவான உரிமையாக முதிர்ந்தது இவ்வாறுதான்.

1997இல் ஆணையம் பெரும்பகுதித் தொழிலாளரைத் தழுவிய ஐந்து ஊதிய ஆணைகளிலிருந்து நாட்கணக்கு மிகைநேரத்தை நீக்கி, 1998 தொடக்கத்திலிருந்து கூட்டாட்சியின் வாரக்கணக்குக்கு மாநிலத்தைக் கொண்டுசென்றது. எதிர்ப்பு வலுக்க, ஆளுநர் மாறிய பின் 1999இல் 'எட்டு மணி நாள் மீட்புச் சட்டம்' நிறைவேறியது. ஆணையம் வாக்களித்துக் கலைக்க முடிந்த விதியை இச்சட்டம் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலேயே பதித்துவிட்டது. அதன்படி, ஒரு நாளில் எட்டு மணிக்கு மேலும் ஒரு வாரத்தில் நாற்பது மணிக்கு மேலும் உழைத்த நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. ஒரே நாளில் பன்னிரண்டு மணியைத் தாண்டினால் இரட்டிப்பு. ஒரே வேலைவாரத்தில் தொடர்ந்து ஏழாம் நாளும் உழைத்தால் அந்நாளின் முதல் எட்டு மணிக்கு ஒன்றரை மடங்கு, பிறகு இரட்டிப்பு. நாளுக்குப் பத்து மணியாக நான்கு நாள் வேலை என்ற மாற்று ஏற்பாட்டை ஒரு பிரிவின் தொழிலாளரில் மூன்றில் இரண்டு பங்கினர் இரகசிய வாக்கெடுப்பில் ஏற்றால் மட்டுமே நடைமுறைப்படுத்த இயலும்.

இரு அளவுகோல்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஒரு கணக்கு தெளிவாக்கும். மணிக்கு 20 டாலர் பெறும் ஒருவர் வாரத்தில் மூன்று நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி வேலை செய்கிறார் என்க. வார மொத்தம் 36 மணி. நாற்பதைத் தாண்டாததால் கூட்டாட்சி விதிப்படி அவருக்கு 720 டாலர் மட்டுமே உரியது. கலிஃபோர்னிய விதிப்படி ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்கு மேற்பட்ட நான்கு மணி மிகைநேரம் ஆகும். ஆகவே 24 மணிக்கு 480 டாலரும், 12 மணிக்கு 30 டாலர் வீதத்தில் 360 டாலருமாக 840 டாலர் சேர வேண்டும். உழைப்பும் கடிகாரமும் ஒன்றே. மாநில எல்லை மட்டும் 120 டாலரைக் கூட்டுகிறது.

மற்ற மாநிலங்கள் இவ்விரண்டுக்கும் இடையே பல நிலைகளில் நிற்கின்றன. அலாஸ்கா எட்டு மணி நாட்கணக்கை வைத்துள்ளது. நெவாடா குறைந்த கூலி பெறுவோருக்கு மட்டும் அதைத் தருகிறது. கொலராடோ பன்னிரண்டு மணியை நாளின் எல்லையாகக் கொண்டது. கென்டக்கி ஏழாம் நாள் வேலைக்குத் தனி வீதம் வகுத்தது. அலபாமா, மிசிசிப்பி, லூசியானா, டென்னசி, தென் கரோலினா போன்ற தென்மாநிலங்கள் தனியார் துறைக்குத் தமக்கென மிகைநேரச் சட்டத்தை வைத்துக்கொள்ளாமல் கூட்டாட்சிச் சட்டத்தோடு நிற்கின்றன. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு 48 மணி என்று இரு அளவுகோல்களையும் ஏற்று, மீறிய நேரத்துக்கு இரட்டிப்பு வீதத்தை விதித்ததை இங்கு ஒப்புநோக்கினால், வாரக்கணக்கு மட்டுமே போதும் என்பது பொதுவிதி அன்று, அமெரிக்கக் கூட்டாட்சி 1938இல் செய்த தேர்வு என்பது புலப்படும்.

எண்ணப்படும் நேரம், எண்ணப்படாத நேரம்

எல்லையும் வீதமும் உறுதியான பின், வேலைநேரம் எந்த நொடியில் தொடங்குகிறது என்ற பூசல் எழுந்தது. மிச்சிகன் மாநிலத்தின் மவுண்ட் கிளெமென்ஸ் மட்பாண்ட ஆலையில் தொழிலாளர் நேரப்பதிவு எந்திரத்தில் அட்டையைக் குத்திவிட்டுத் தம் இடத்துக்கு நடந்து சென்று, மேலுடுப்பு அணிந்து, கைகளுக்கு மசகு தடவி அல்லது நாடா சுற்றி, விரல்களில் உறையிட்டு, விளக்கையும் எந்திரத்தையும் இயக்கி, சன்னல்களைத் திறந்துவைத்த பிறகே உற்பத்தி தொடங்கும். அந்த நிமிடங்களுக்குக் கூலி இல்லை. அவையும் வேலைநேரமே என்று 1946இல் உச்ச நீதிமன்றம் கூறியதோடு, முதலாளி சரியான பதிவேடு வைக்காவிட்டால் அதனால் தொழிலாளி நட்டப்படலாகாது என்றும் வகுத்தது. தொடர்ந்து நாடெங்கும் வழக்குகள் குவிய, காங்கிரஸ் எனப்படும் கூட்டாட்சி நாடாளுமன்றம் 1947இல் தனிச் சட்டம் இயற்றி, வேலையிடத்துக்கு நடந்து செல்லும் நேரம் போன்றவற்றைக் கணக்கிலிருந்து நீக்கியது.

இங்கும் மாநிலப் பாதை பிரிந்தது. கலிஃபோர்னிய ஊதிய ஆணைகள், தொழிலாளி முதலாளியின் கட்டுப்பாட்டில் இருக்கும் நேரம் முழுவதையும் வேலைநேரம் என்று வரையறுக்கின்றன. முதலாளி ஏற்பாடு செய்த பேருந்தில்தான் வயலுக்கு வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்ட பண்ணைத் தொழிலாளரின் பயண நேரமும் கூலிக்குரியது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்ததற்கு இவ்வரையறையே அடிப்படை.

ஒன்றரை மடங்கை எந்தத் தொகையின்மீது கணக்கிடுவது என்பதும் இதற்கு இணையான சிக்கல். 'வழமை ஊதிய வீதம்' என்று சட்டம் சொல்வது அடிப்படை மணிக்கூலி மட்டும் அன்று. உற்பத்தி ஊக்கத்தொகை, தவறாமல் வருவோருக்கு உறுதி செய்யப்பட்ட தொகை போன்றவையும் அதில் சேரும். மணிக்கு 20 டாலர் வீதத்தில் 50 மணி உழைத்து, அவ்வாரத்துக்கு 50 டாலர் ஊக்கத்தொகையும் பெற்றவரின் மொத்தம் 1,050 டாலர். அதை 50ஆல் வகுத்தால் வழமை வீதம் 21 டாலர். கூடுதல் பத்து மணிக்கும் நேர்க்கூலி மொத்தத்தில் ஏற்கெனவே அடங்கிவிட்டதால், கூட்டாட்சிக் கணக்குப்படி மேலும் மணிக்கு 10.50 டாலராக 105 டாலர் சேர்ந்து, அவருக்கு உரியது 1,155 டாலர் ஆகிறது. அடிப்படைக் கூலியைத் தாழ்த்தி வைத்து, மீதியை ஊக்கத்தொகை என்ற பெயரில் கொடுத்துத் தண்டத்தைச் சுருக்கும் வழி இதனால் அடைபடுகிறது.

வயலும் வீடும்

1938ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கத்தில் நாட்டின் உழைப்பாளரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரையே தழுவியது. விட்டுவைக்கப்பட்டவர்களில் முதன்மையானோர் பண்ணைத் தொழிலாளரும் வீட்டுவேலை செய்வோரும். தென்மாநிலங்களில் இவ்விரு தொழில்களிலும் கருப்பின மக்களே திரளாக உழைத்தனர். காங்கிரஸில் அம்மாநில உறுப்பினர்களின் வாக்கு இன்றி எந்தத் தொழிலாளர் சட்டமும் நிறைவேற இயலாத சூழலில் இவ்விலக்குகள் இடம்பெற்றன. 1966இல் பெரிய பண்ணைகளின் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி நீட்டிக்கப்பட்டபோதும் மிகைநேர ஊதியம் நீட்டிக்கப்படவில்லை. அந்த விலக்கு கூட்டாட்சிச் சட்டத்தில் இன்றும் தொடர்கிறது. வீட்டுவேலை செய்வோர் 1974இல் சேர்க்கப்பட்டாலும், வேலை செய்யும் வீட்டிலேயே தங்குவோருக்கு மிகைநேரக் காப்பு மறுக்கப்பட்டது. நியூயார்க் மாநிலம் 2010இல் தனிச் சட்டம் இயற்றி அவர்களுக்கு வாரத்துக்கு 44 மணி எல்லையை வகுத்தது.

பண்ணைகளைப் பொறுத்தவரை கலிஃபோர்னியா 1970களிலிருந்து நாளுக்குப் பத்து மணி என்ற தளர்ந்த எல்லையை வைத்திருந்தது. 2016இல் ஆளுநர் ஜெரி பிரவுன் கையெழுத்திட்ட சட்டம் அதைப் படிப்படியாக இறக்கி, 26 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் பண்ணைகளில் 2022இலும் சிறிய பண்ணைகளில் 2025இலும் எட்டு மணி நாள், நாற்பது மணி வாரம் என்ற பொது எல்லைக்குக் கொண்டுவந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் நீதிமன்றமே முதலில் வழிகாட்டியது: ஆபத்தான தொழில் செய்வோரைக் காக்குமாறு மாநில அரசியலமைப்பு சட்டமன்றத்துக்குக் கட்டளையிடுவதைச் சுட்டி, பால்பண்ணைத் தொழிலாளருக்கு மிகைநேர ஊதியத்தை மறுத்த விலக்கை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2020இல் நீக்கியது, மறுஆண்டில் சட்டமன்றம் ஏனைய பண்ணை வேலைகளையும் சேர்த்து, 2024இல் நாற்பது மணியை எட்டும்படி கால அட்டவணை வகுத்தது. நியூயார்க் அறுபது மணியில் தொடங்கி 2032இல் நாற்பதை எட்ட இருக்கிறது. எல்லை இறங்கினால் பண்ணை முதலாளிகள் வேலைநேரத்தைக் குறைத்துவிடுவர், அதனால் தொழிலாளியின் வார வருமானம் சுருங்கும் என்பது இம்மாற்றங்களுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம். வேலைநேரம் குறைவது ஒன்றரை மடங்கின் பிழை அன்று, அதன் மூல நோக்கமே என்று 1917ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கொண்டு விடை கூறலாம். ஆயினும் மணிக்கூலி தாழ்ந்திருக்கும் இடத்தில் குறைந்த நேரம் என்பது குறைந்த உணவாகவும் மாறக்கூடும் என்ற நெருக்கடியை அந்த விடை தீர்த்துவிடாது. எல்லை இறங்கும்போதே கூலியின் அளவும் உயர்ந்தாலன்றித் தண்டத்தின் ஒரு பகுதி தொழிலாளியின்மீதே விழும்.

ஓரிகன் மாநிலத்தில் ஆலைத் தொழிலாளருக்குப் பத்து மணிக்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்ற நாட்கணக்கும், பதின்மூன்று மணி என்ற உச்ச எல்லையும் 1913இலிருந்து பல திருத்தங்களைக் கடந்து இன்றும் சட்டத் தொகுப்பில் உள்ளன. அதே மாநிலம் பண்ணைத் தொழிலாளருக்கு மிகைநேர ஊதியத்தை 2022இல்தான் சட்டமாக்கியது: 2023இல் வாரத்துக்கு 55 மணி, 2025இல் 48, 2027இல் 40 என்பது அதன் அட்டவணை. கோதுமையை அரைத்த ஆலையின் கடைசி மூன்று மணிக்கு விலை வைத்த மாநிலம், அந்தக் கோதுமையை விளைவித்து அறுத்த கைகளின் மணிகளை முழுமையாக எண்ணி முடிக்க நூற்றுப் பதினான்கு ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது.